பல்லுறுப்புக் கோவைக்குப் பெயரிடுவது எப்படி?

மாறியை ப என்று கொள்வோம். பெயரிடுமுன், தரப்பட்ட கோவை பல்லுறுப்புக் கோவைதானா என்று பார்க்க வேண்டும். மாறியின் அடுக்குகள் குறையற்ற முழு எண்களாக இருக்க வேண்டும் என்பதால் 3/ப, √ப ஆகியவை இதில் சேரா. ஆனால் √2ப² சேரும், ஏனெனில் அங்கே மூலக்குறிக்குள் இருப்பது கெழுவின் (மாறியைப் பெருக்கும் எண்ணின்) 2 மட்டுமே.

அடுத்து ஒத்த உறுப்புகளை, அதாவது ஒரே மாறி ஒரே அடுக்கில் உள்ள உறுப்புகளை, சேர்த்துச் சுருக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். 4ப + 3ப³ − 7 + 2ப − 3ப³ என்ற கோவையைக் கண்டவுடன், ஐந்து உறுப்புகள் கொண்ட முப்படிக் கோவை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 3ப³ உம் −3ப³ உம் ஒன்றையொன்று நீக்கிவிட, 4ப உடன் 2ப சேர்ந்து 6ப − 7 மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே இது ஒருபடி ஈருறுப்புக் கோவையாகும்.

பெயரின் முற்பகுதி படியிலிருந்து வருகிறது. மாறியின் மிக உயர்ந்த அடுக்கே படி. அது 1, 2, 3 எனில் முறையே ஒருபடி, இருபடி, முப்படி என்போம். பிற்பகுதி உறுப்புகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது: ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு. எனவே 9 − ப + 5ப² என்பதை இறங்கு வரிசையில் 5ப² − ப + 9 என மாற்றி எழுதினால், அது இருபடி மூவுறுப்புக் கோவை என்பது உடனே புலப்படும். மூன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தால், பல்லுறுப்புக் கோவை என்ற பொதுப்பெயரே போதும்.

8 போன்ற மாறிலியின் படி 0 ஆகும்; 0 மட்டுமே கொண்ட பூச்சியப் பல்லுறுப்புக் கோவைக்கோ படி வரையறுக்கப்படுவதில்லை. இரு மாறிகள் வந்தால் ஒவ்வோர் உறுப்பிலும் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். ப²வ³ இன் படி 5.