காரைக்குடியில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஊர்களில் 'செட்டிநாடு' என்று போர்டு மாட்டி, சிவக்கச் சிவக்க மசாலாவில் புரட்டிக் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்களே, அதைத் தேடிக் காரைக்குடிக்கு வர வேண்டியதில்லை, அது உங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். இங்கே வந்தால் பலகாரத்துக்காக வாருங்கள். கறி மதியம் ஒரு வேளை போதும், மிச்ச வயிறு பணியாரத்துக்கு.

முதல் நாள் இரவே வந்து படுத்துவிடுவது நல்லது. சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, பிற்பகலில் கிளம்பி இரவில் கொண்டுவந்து விடும். தனியாக வராதீர்கள், இரண்டு பேர் வந்தாலும் மதியத்தோடு கதை முடிந்துவிடும். நாலு பேர் என்றால்தான் எதை வாங்கினாலும் ஒரு தட்டு வாங்கிப் பிய்த்துப் பங்கு போட்டு, நாலு வாயில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடக்கலாம்.

இன்னொரு வேலையையும் முதல் நாளே முடித்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். 'பங்களா' ஹோட்டல் மாதிரி இலைச்சாப்பாட்டுக்குப் பேர் போன இடங்களில் ஆள் கணக்குச் சொன்னால்தான் இலை. நான் ஒருமுறை வேறொரு இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டரை மணிக்குப் போய் நின்றேன். "என்ன தம்பி, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்று அந்த அம்மா வருத்தப்பட்டுக்கொண்டே ரசமும் சோறும் அப்பளமும் போட்டார். ரசம் பிரமாதம்தான், ஆனால் நான் போனது ரசத்துக்கு இல்லையே.

காலையில் ஒரு காபி, ஒன்றே ஒன்று. இரண்டாவது காபி குடித்தால் பசி செத்துவிடும். அப்படியே கல்லுக்கட்டிப் பக்கம் நடந்து கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டுக் காலைப் பலகாரத்துக்கு உட்காருங்கள். இட்லிக்குக் கோஸ்மல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி விட்டுச் செய்வது, சாம்பாரை மறக்கடித்துவிடும். ஆனால் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள், ஏனென்றால் அடுத்து வெள்ளைப் பணியாரம் வருகிறது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, கொட்டாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்தின் அளவு. ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் பாலும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். ஊற்றியது அடியில் போய்ப் பிறகு மெல்ல எழும்பி வரும், ஓரமெல்லாம் முறுகும், ஆனால் நிறம் மாறாது, திருப்பிப் போட்டு வெள்ளையாகவே எடுத்துவிட வேண்டும். மாவு நீர்த்திருந்தால் எண்ணெய் குடித்துவிடும், விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துபோகும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. தட்டில் வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் ஓரம் நமத்துவிடும். அதனால் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்: "ஆச்சி, இப்ப ஊத்துறீங்களா, ஊத்தி வச்சதா?" ஊற்றி வைத்ததென்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பிட்டது இறங்க வேண்டும் அல்லவா? ஒரு கார் பேசிக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி போய் வாருங்கள், கானாடுகாத்தான் சுமார் 15 கி.மீ.தான். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றித் தரைக்கல் (டைல்ஸ்) அச்சடிப்பதை அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். கானாடுகாத்தானில் பார்வைக்குத் திறந்திருக்கும் பழைய செட்டிநாட்டு வீடுகளில் முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வளவு என்கிற நடுமுற்றம் தாண்டிப் பின்கட்டு வரைக்கும் நடந்து, அங்கே எத்தனை ஆட்டுக்கல், எத்தனை அம்மி என்று எண்ணிப் பாருங்கள். வழியில் வெயில் காலமென்றால் நுங்கு, மற்ற நாளில் இளநீர் அல்லது நீர்மோர். பாட்டில் கூல்டிரிங்க்ஸ் பக்கமே போகாதீர்கள், வயிற்றில் காற்றை நிரப்பி மதியத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு மணிக்கு இலையில் உட்கார்ந்துவிடுங்கள். கறி வகையில் ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் நான் உப்புக்கறி எடுப்பேன். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று இந்த ஊர் அஞ்சறைப்பெட்டியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், உப்புக்கறியில் அதெல்லாம் பெரிதாக வேலை செய்யாது. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப் போட்ட மிளகாய், உப்பு, அவ்வளவுதான், ஆகவே கறி சுமாராக இருந்தால் மறைக்க இடமில்லை. மிளகாய் குண்டு மிளகாயாக இருந்தால் யோகம். பக்கத்து ராமநாதபுரத்தில் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, உரைப்போடு ஒரு வாசமும் கொடுக்கும். சைவக்காரர்கள் மண்டியைக் கேளுங்கள், வெண்டைக்காயோ மொச்சையோ எதுவானாலும் சரி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது, சோற்றுக்கு அப்படிச் சேரும். சோறு ஒரு கரண்டிதான், "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவார்கள், இலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கவுனி அரிசி வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த கருப்பரிசி என்பார்கள். இரவெல்லாம் ஊறவைத்து அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் போட்டிருப்பார்கள். நாக்கு ஊதாவாகிவிடும், பரவாயில்லை.

அப்புறம் ஒரு மணி நேரம் தூக்கம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தூங்காதவர்கள் ஐந்து மணிக்குத் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராதென்றால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அலையுங்கள். எனாமல் தூக்குச்சட்டி விலை கேட்டு அதிர்ச்சியானாலே பாதி செரித்துவிடும். வழியில் ஒரு கோலி சோடா.

நாலரைக்கு இடைப்பலகாரம். மசாலாப் பணியாரம் ஒன்று, இனிப்புக்குக் கந்தரப்பம் ஒன்று, ஆளுக்குப் பாதி. பால் பணியாரம் கிடைத்தால் விடாதீர்கள், கோலிக்குண்டு மாதிரிப் பொரித்த உருண்டைகளை ஏலக்காய் போட்ட தேங்காய்ப் பாலில் மிதக்க விட்டிருப்பார்கள். ரொம்ப நேரம் ஊறினால் கூழாகிவிடும், ஆகவே எப்போது போட்டது என்று இங்கேயும் கேளுங்கள். ஆடி மாதம் வருகிறவர்களுக்குக் கும்மாயம் என்கிற இனிப்பு தனி யோகம்.

இரவுக்கு இடியாப்பம், மதியக் கறி போதாதவர்களுக்குக் கோழிக் குழம்பும் உண்டு, அதுவும் இடம் இருந்தால். இல்லையென்றால் சுக்குக் காபியோடு நிறுத்திவிட்டு, கடை சாத்தும் முன் ஊருக்குப் பலகாரம் வாங்கப் போங்கள். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம். பாக்கெட்டைப் பார்த்து வாங்காமல், ஒரு சீடையை வாயில் போட்டுப் பாருங்கள், எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் அடுத்த கடை. சீப்புச் சீடையை இரண்டு பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், விடியற்காலைப் பல்லவனில் ஏறினால் புதுக்கோட்டை வருவதற்குள் ஒன்று காலியாகிவிடும்.