பழைய லாரியில் ஏசி குளிர்ச்சி குறைந்தால்

உடனே கேஸ் ஏற்றாதீர்கள். முதலில் ஏசி எப்போது குளிரவில்லை என்று கவனியுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாக வந்தால் கண்டென்சரில் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்) காற்றோட்டம் போதவில்லை. ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் கம்பளி போல் படிந்திருக்கும். தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள், அதிக அழுத்தம் ஃபின்களை (மெல்லிய தகடுகளை) மடக்கிவிடும். ரேடியேட்டர் ஃபேனை இஞ்சினோடு இணைத்துச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்சையும் பாருங்கள்.

கேபின் ஃபில்டர் இருந்தால் மாற்றுங்கள். ஹீட்டர் வால்வு (இஞ்சின் வெந்நீரை கேபின் ஹீட்டருக்கு விடுவது) சரியாக மூடாத வண்டிகளும் நிறைய. வால்வை மூடிய பிறகும் அதைத் தாண்டிப் போகும் ஹோஸ் கொதித்தால், வெந்நீர் உள்ளே போய்க் குளிரைத் தின்கிறது.

அடுத்து கேஜ் மாட்டி கேஸ் அழுத்தத்தைப் பாருங்கள். ஆர்-134ஏ கேஸில், 30 டிகிரி வெயிலில், லோ சைடு (கேஸை அழுத்தும் கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்) சுமார் 30–40 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். லோ, ஹை (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) இரண்டும் குறைந்தால் கசிவு. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும் இடமே பெரும்பாலும் அது. லோ மிகுந்து ஹை குறைந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். லோ வெற்றிடத்துக்கு இறங்கினால் பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வில் (குளிர்விக்கும் பாகத்துக்குள் கேஸை அளவாக விடுவது) அடைப்பு.

கசிவை அடைத்து, வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), வண்டியின் ஏசி ஸ்டிக்கரில் உள்ள எடைக்கே கேஸ் நிரப்புங்கள். கூடினாலும் குளிர்ச்சி குறையும்.