பணியாரக் கல்லு, புளியங்கொட்டை, மைதா மாவு: எல்கேஜி பிள்ளைங்க கைக்கு வேலை குடுக்குறது எப்படி

பொங்கலுக்கு முந்தின வாரம் நிறைய நர்சரி ஸ்கூல்ல ஒரு ஆக்டிவிட்டி நடக்கும், பாத்திருப்பீங்க. சார்ட்டுல பானை வெட்டி கரும்பு வெட்டி பிள்ளைங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுத்து போட்டோ எடுத்து பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவாங்க. பானைய வெட்டினது யாரு? மிஸ்ஸு. கம் தடவினது? ஆயாம்மா. பிள்ளை செஞ்சது என்னன்னா போட்டோவுக்கு நின்னது. நானும் முதல் ரெண்டு வருஷம் இதையேதான் பண்ணேன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வீட்ல உக்காந்து முப்பது பானை வெட்டியிருக்கேன், கத்தரிக்கோல் பிடிக்க நல்லா பழகினது என் கைதான்.

இப்ப என் கிளாஸ்ல 28 பேர், எல்லாம் நாலு வயசு பக்கத்துல. ஒரு ஆக்டிவிட்டி தேறுமா தேறாதான்னு பாக்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்குவேன்: பிள்ளை தப்பா செஞ்சா அந்தப் பொருளே அதுக்குச் சொல்லிடுமா, இல்ல நான் எழுந்து போய் சொல்லணுமா? டிபன் பாக்ஸ் மூடி கோணலா இருந்தா கிளிப் மாட்டாது, யாரும் சொல்ல வேண்டாம், பிள்ளையே கழட்டி திருப்பி வெச்சுப் பாக்கும். அதே பிள்ளைகிட்ட வொர்க்‌ஷீட் குடுத்து 'வட்டத்துக்குள்ள கலர் அடி'ன்னா, வெளிய போச்சா உள்ள போச்சான்னு நான்தான் ஜட்ஜ் மாதிரி சொல்லிட்டு இருக்கணும். இது என் கண்டுபிடிப்பு இல்ல, மரியா மாண்டிசோரி சொன்னதுதான். அந்தம்மா ஒரு டாக்டர், 1907ல ரோம்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு முதல் பள்ளி ஆரம்பிச்சாங்க, 1939ல நம்ம அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கே வந்து டீச்சர்ஸுக்கு பயிற்சி குடுத்தாங்க, போர் வந்துட்டதால ஊருக்குப் போக முடியாம கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம் இருந்தாங்க. அவங்க பேர் போட்ட மரச்சாமான் செட்டு வாங்கணும்னா நம்ம மாதிரி ஸ்கூலுக்கு கட்டுப்படி ஆகாது, ஆனா ஐடியாவுக்கு காசு வேண்டாம்ல, சமையல்கட்டுலயே பாதி சாமான் இருக்கு.

ஜூன் மாசம் முதல் ரெண்டு வாரம் பென்சிலையே எடுக்காதீங்க. செருப்பு ஜோடி சேத்து வைக்கிறது, வாட்டர் பாட்டில் மூடி திறந்து மூடுறது, டிபன் பாக்ஸ், பட்டன், கை கழுவிட்டு குழாயை நிறுத்துறது, இதுதான் பாடம். செருப்புக்கு தரையில சாக்பீஸால பாதம் வரைஞ்சு வெச்சிடுங்க, இடது வலது மாறினா படத்துல பொருந்தாது, முடிஞ்சது கதை. டிபன் பாக்ஸ் மட்டும் வீட்ல சொல்லி லூசா திறக்குற மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, சில பாக்ஸ் எனக்கே திறக்க வராது, அதை நாலு வயசுப் பிள்ளைகிட்ட குடுத்துட்டு 'நீயே திற'ன்னு சொல்றது நியாயமே இல்ல.

அடுத்து ஊத்துறது. ஒரு தட்டு, அதுல ரெண்டு சின்ன டம்ளர், ஒண்ணுல முக்கால் டம்ளர் அரிசி. இந்த டம்ளர்ல இருந்து அதுக்கு, அதுல இருந்து இதுக்கு, அவ்ளோதான். நாலஞ்சு நாள் கழிச்சு அரிசிக்கு பதிலா தண்ணி, தட்டுல ஒரு சின்ன ஸ்பாஞ்ச். முதல்ல நீங்க வாயத் திறக்காம ஒரு தடவை செஞ்சு காட்டணும், மெதுவா, கொஞ்சம் வேணும்னே சிந்தி, ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்து, பிழிஞ்சு. சிந்தினா திட்டு விழாது, தொடைக்கணும், அதுவும் வேலைல ஒரு பங்குன்னு பேசாமலே புரிஞ்சிடும். எங்க ஆயாம்மா முதல் வாரம் துணிய எடுத்துட்டு ஓடி ஓடி வருவாங்க, 'அக்கா நீங்க உக்காருங்க'ன்னு கையப் பிடிச்சு உக்கார வெச்சேன். ஆனா சொல்லிடறேன், பிள்ளைங்களுக்கு ஊத்துறதவிட பிழியுறதுதான் பிடிக்குது, சிந்தாத தட்டுலயும் வேணும்னே கொஞ்சம் ஊத்திட்டு பிழிவாங்க, விட்டுடுங்க, பென்சில் பிடிக்க வேண்டிய விரல் பலம் அங்கதான் வருது.

இப்ப பணியாரக் கல்லு. பழைய ஏழு குழி கல்லு வீட்டுப் பரண்ல கிடந்தா எடுத்துட்டு வாங்க, இரும்பா இருந்தா கனமா இருக்கும், தரையில பாய் மேல வைங்க, கால்ல விழக்கூடாது. கழுவிக் காய வெச்ச புளியங்கொட்டை ஏழு, ஒரு கிண்ணத்துல. குழிக்கு ஒண்ணா போடணும். 'ஒண்ணு ரெண்டு மூணு'ன்னு நூறு வரைக்கும் பாட்டு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளை கூட இங்க ஒரு குழியில ரெண்டு போட்டுட்டு கடைசி குழி காலியா இருக்கிறதப் பாத்து முழிக்கும். அந்த முழிக்கிற நேரத்துல நீங்க எதுவும் பேசிடாதீங்க, தயவு செஞ்சு. போன வருஷம் ஒரு பையன், அவ்வளவா பேசவே மாட்டான், காலிக் குழியையே பாத்துட்டு இருந்தான், கிண்ணத்தைக் கவுத்து பாத்தான், பாயைத் தூக்கிப் பாத்தான், அப்புறம் ஒவ்வொரு குழியா விரலை விட்டுத் தடவிட்டே வந்து நாலாவது குழியில நிறுத்தி 'இவன் ரெண்டு பேரு'ன்னான். ரெண்டுல ஒண்ணை எடுத்து காலிக் குழியில போட்டுட்டு என்னைத் திரும்பிக் கூட பாக்கல. மூணு நிமிஷம் ஆகியிருக்கும், நடுவுல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

இது பழகினதும் கிண்ணத்துல வேணும்னே ஆறு போட்டு வைங்க, 'மிஸ் ஒண்ணு பத்தல'ன்னு வரும். எட்டு போட்டா 'ஒண்ணு மிச்சம்'. கூட்டலும் கழித்தலும் இப்படியே உள்ள வந்துடும், ப்ளஸ் மைனஸ் குறியெல்லாம் அவங்க ஒண்ணாங்கிளாஸ்ல பாத்துக்கட்டும்.

கொட்டை விஷயத்துல ஒரு கண்டிப்பு. குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கருப்புமா அழகா இருக்கும், அந்தக் காலத்துல தங்கம் நிறுக்க வெச்சிருந்தாங்கன்னு கதையும் சொல்லலாம், ஆனா உள்ள இருக்கிறது கொடிய விஷம், ஓடு உடைஞ்சோ மென்னோ உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு கொட்டையும் அப்படித்தான். எங்கயாவது பாட்டி வீட்ல இருந்து பிள்ளை பாக்கெட்ல போட்டு கொண்டு வந்தா உடனே வாங்கி வெச்சிடுங்க. புளியங்கொட்டையும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கணும், ஒண்ணு குறைஞ்சா முதல்ல பாக்கெட்டப் பாருங்க, அடுத்தது மூக்கு. சிரிக்கிறீங்க, எனக்கு நடந்திருக்கு, நோண்டாம நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மூணு வயசு ஆகாத பிள்ளைங்க இருக்கிற ப்ரீகேஜின்னா கொட்டையே வேண்டாம், எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கிற பொருளா எடுங்க.

மைதா மாவு களிமண்ணுக்கு அளவு: ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ரெண்டு ஸ்பூன் எண்ணெய், தண்ணி முக்கால் கப்புல ஆரம்பிச்சு சப்பாத்தி மாவு பதம் வர வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா. உப்பு அதிகம்ங்கிறதால சீக்கிரம் கெடாது, வாயில வெச்சாலும் ஒரு தடவையோட துப்பிடுவாங்க. கலருக்கு மஞ்சத்தூள், பீட்ரூட் சாறு போதும். மாவு பிசையுறதையே பிள்ளைங்ககிட்ட விடுங்க, நான் வீட்ல பிசைஞ்சு கொண்டு போன நாள்லாம் வேஸ்ட்டு, பாதி ஆக்டிவிட்டி வீட்லயே முடிஞ்சு போச்சு. உருண்டை, அப்புறம் பாம்பு, பாம்பை சுத்தினா முறுக்கு, முறுக்கை நிமித்தி ஒரு மடக்கு மடக்கினா 'ட'. எழுத்துல 'அ'வுல ஆரம்பிக்காதீங்க, அதுல இருக்கிற வளைவு சுழி எல்லாம் பெரியவங்களுக்கே கஷ்டம், ட ப ரெண்டும் நேர்கோடு, 'ம'வுல ஒரு வளைவுதான் கூட, கை சீக்கிரம் பிடிச்சுக்கும். மாவுல செஞ்சதுக்கு அப்புறம் தட்டுல மணல் பரப்பி ஆள்காட்டி விரலால எழுதுறது, திண்ணைப் பள்ளிக்கூடத்துல செஞ்சதுதான், தப்பா போச்சுன்னா தட்டை ஒரு ஆட்டு ஆட்டினா சுத்தம். ரப்பர் தேடி அழுற சீனே இல்ல.

சயின்ஸுக்கு ரெண்டு சொல்றேன். வெள்ளைத் துணி துண்டை மஞ்சத்தண்ணில முக்கி காய வெச்சுக்கோங்க. பிள்ளைங்க துணி துவைக்கிற கட்டி சோப்பை நனைச்சு அதுல தேய்க்கட்டும், தேய்ச்ச இடம் ரத்தச் சிவப்பா மாறும். அது மேல எலுமிச்சை பிழிஞ்சா திரும்ப மஞ்சள். ஆரத்தி தண்ணி சிவக்கிறதும் இதே சங்கதிதான், அங்க சுண்ணாம்பு போடுறோம், ஆனா கிளாஸுக்கு சுண்ணாம்பு கொண்டு வராதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து. கை கழுவுற லிக்விட் சோப்புல சிலது வேலை செய்யல, கட்டி சோப்புதான் பெஸ்ட். முதல் நாளே வீட்ல ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு போங்க.

இன்னொண்ணு பாசிப்பயறு முளைக்க வைக்கிறது. இதுல நான் செம அடி வாங்கினேன். 28 சிரட்டையில பஞ்சு வெச்சு பயறு போட்டு ஜன்னலோரம் அடுக்கினோம், பாசம் ஜாஸ்தியாகி ஒவ்வொருத்தரும் நாளைக்கு நாலு தடவை தண்ணி ஊத்த, திங்கக்கிழமை கிளாஸைத் திறந்தா சாக்கடை நாத்தம். எல்லாம் அழுகிப் போச்சு. அடுத்த தடவை ரெண்டு மாத்தம் பண்ணேன். தேங்காய்ல கண்ணு இருக்கிற பாதி சிரட்டைய மட்டும் எடுத்து, மெத்துன்னு இருக்கிற கண்ணை ஆணியால குத்தித் திறந்தேன், மிச்சத் தண்ணி வடிஞ்சிடும். ஊத்துறதுக்கு டம்ளர் இல்ல, பாட்டில் மூடி, காலைல ஒரு மூடி, முடிஞ்சது. ராத்திரி ஊற வெச்ச பயறு அடுத்த நாளே வால் விடும், ஒரு வாரத்துக்குள்ள இலை பிரிஞ்சிடும். ஒரே ஒரு சிரட்டைய இருட்டு பீரோவுல வெச்சிடுங்க, அது வெளிர் மஞ்சளா ஒல்லியா கிடுகிடுன்னு வளந்து நிக்கும், ஏன்னு நீங்க சொல்லாதீங்க, அவங்களையே சொல்ல விடுங்க. என் கிளாஸ்ல வந்த பதில்: 'அது வெளிய எட்டிப் பாக்குது மிஸ்.'

28 பேரை ஒரே நேரத்துல எப்படி சமாளிக்கிறதுன்னு கேப்பீங்க. ஒரே நேரத்துல சமாளிக்கவே முடியாது. நாலு பாய், பாய்க்கு ஏழு பேர், நாலு கூடை: ஒண்ணு ஊத்துறது, ஒண்ணு கொட்டை, ஒண்ணு மாவு, ஒண்ணு சும்மா கட்டைங்க. ஒரு நாளைக்கு ஒரு பாய் ஒரு கூடைதான், மறுநாள் மாறும். மாவு பாய்ல ஆயாம்மா, தண்ணி பாய்ல நான், மத்த ரெண்டும் தானா ஓடணும், அதுக்குத்தான் பொருளே தப்பு சொல்லணும்னு அவ்ளோ சொன்னேன், இல்லன்னா 'மிஸ் மிஸ்'னு நாலு பக்கமும் இழுப்பாங்க. இருபது நிமிஷம் போதும். முடிக்க பத்து நிமிஷம் தனியா ஒதுக்குங்க, அவங்கவங்க கூடைய அவங்கவங்களே அலமாரியில வைக்கணும், கூடைல ஒட்டின படமே அலமாரித் தட்டுலயும் ஒட்டியிருக்கணும்.

கடைசியா பேரன்ட்ஸ். ஜூலைல கண்டிப்பா ஒரு அம்மா வருவாங்க, 'பக்கத்து ஸ்கூல்ல ஏ டு இசட் எழுதிட்டாங்க, இவ நோட்டுல ஒண்ணுமே இல்லையே மிஸ்'ன்னு. லெக்சர் குடுக்காதீங்க, எடுபடாது. அவங்களை ஒரு இருபது நிமிஷம் பாய்ல பிள்ளை பக்கத்துல உக்கார வெச்சு, பேசக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்கும் ஒரு வேலை குடுங்க: பூண்டு உரிக்கிறது, வெந்தயக்கீரை ஆயுறது, காஞ்ச துணில சாக்ஸ் ஜோடி சேக்குறது. போன தடவை வந்த அம்மா அடுத்த வாரம் மெசேஜ் போட்டாங்க, சாம்பாருக்கு சின்ன வெங்காயம் முழுக்க அவதான் உரிச்சா, ஒரு மணி நேரம் ஆச்சு, நான் ஆபீஸுக்கு லேட்டுன்னு. அதனால உரிக்கிற வேலை எல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கச் சொல்லிடுங்க.