குன்னூர் பின்கோடின் காரணிகளைக் கண்டுபிடிக்கலாம் வாங்க

பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கப் பழக, நீலகிரிக்காரர்கள் ஊர் பின்கோடையே எடுத்துக்கொள்ளலாம். குன்னூருக்கு 643101. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இந்த ஆறு இலக்க முறையில் 643 என்று தொடங்கினால் நீலகிரி. ஒரு தாள், பென்சில் போதும். கால்குலேட்டர் இருந்தாலும் தப்பில்லை.

கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 இரண்டும் வகுக்காது. அப்புறம் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 6+4+3+1+0+1 = 15. இது 3-ஆல் வகுபடுவதால் எண்ணும் வகுபடும்.

643101 = 3 × 214367

214367-இன் இலக்கக் கூட்டல் 23. ஆகவே 3 மறுபடி வகுக்காது.

இனி எதுவரை வகுத்துப் பார்ப்பது? புதிதாகப் பழகுபவர்கள் திணறுவது இங்கேதான். காரணிகள் ஜோடியாக வரும். ஜோடியில் இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால், பெருக்கினால் எண்ணைத் தாண்டிவிடும். அதனால் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். 463 × 463 = 214369; நம் எண்ணைவிட இரண்டே இரண்டு கூடுதல்! ஆக, எல்லை 462.

7, 11, 13 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்து, மீதியைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே போங்கள். 7-க்கு மீதி 6, 29-க்கு 28, 31-க்கு 2. 43 வரை ஒன்றும் சிக்காது. சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள், அடுத்ததே 47:

214367 = 47 × 4561

மீதி பூஜ்ஜியம். இப்போது எல்லை 462-இலிருந்து 67-க்கு இறங்கிவிட்டது. மறுபடி 7-இலிருந்து தொடங்கவும் வேண்டாம். 4561-ஐ 7 வகுத்தால் 214367-ஐயும் வகுத்திருக்குமே. 47, 53, 59, 61, 67 மட்டும் பாக்கி. மீதிகள் முறையே 2, 3, 18, 47, 5. எதுவும் வகுக்கவில்லை, 4561 பகா எண்.

643101 = 3 × 47 × 4561

திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள். மூன்று பகா எண்களும் ஒவ்வொரு முறையே வருவதால் மொத்த வகுத்திகள் 2×2×2 = 8.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கணிதமேதை பெர்மா சொன்னது, பின்னர் வந்த கணிதமேதை ஆய்லர் நிறுவினார். 4561 அப்படிப்பட்டது: 60² + 31² = 3600 + 961. போட்டுப் பாருங்கள், அவ்வளவு அழகு! 643101-க்கும் மீதி 1தான், ஆனால் அதை அப்படி எழுத முடியாது. 3, 47 இரண்டும் மீதி 3 தருபவை. அத்தகைய பகா எண் ஒற்றைப்படை முறை வந்தாலே வழி அடைபட்டுவிடும். காரணிகளைப் பிரிக்காமல் இது தெரிந்திருக்காது.

சரி, அடுத்து ஊட்டியின் 643001-ஐ எடுங்கள். இலக்கக் கூட்டல் 14, எனவே 3 கைகொடுக்காது. 801 என்ற எல்லையோடுதான் தொடங்க வேண்டும். 43 வரை நான் பார்த்துவிட்டேன், எதுவும் வகுக்கவில்லை. நீங்கள் 47-இலிருந்து தொடருங்கள்.