நாய்க்கு வயிறு சரியில்லையா? மலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

நாய்க்குப் பேதியானால் பல வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பதறிப்போய், மனிதர்களுக்கு வாங்கிவைத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால், ‘தன்னால சரியாயிடும்’ என்று நாலு நாள் விட்டுவிடுகிறார்கள். முதலாவது சில நேரம் விஷமாக முடியும். இரண்டாவது, குட்டி நாயாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. எப்போது பொறுத்துப் பார்க்கலாம், எப்போது உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க யாரும் கற்றுக்கொள்ளலாம். முதல்முறையாக நாய் வளர்ப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் நாயின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாய் நன்றாக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது. வளர்ந்த நாய் பொதுவாக ஒரு நாளைக்கு 1 முதல் 3 முறை மலம் கழிக்கும். குட்டிகள் 5, 6 முறைகூடப் போகும். சாப்பிட்ட கால் மணி, அரை மணி நேரத்துக்குள் குட்டி ஓரம் தேடி ஓடினால் பயப்பட வேண்டாம். வயிறு நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பு.

ஆனால் இந்த எண்ணிக்கையைவிட முக்கியம் உங்கள் நாயின் சொந்தக் கணக்கு. தினமும் ஒருமுறை மட்டும் போகிற நாய் திடீரென்று நாலுமுறை போனால் அது மாற்றம். எப்போதும் மூன்றுமுறை போகிற நாய்க்கு அதே நாலு பெரிய விஷயமில்லை. எனவே ஒரு வாரத்துக்கு போனில் குறித்து வையுங்கள்: எத்தனை முறை, எந்த நேரம், கெட்டியா இளகலா, அன்று என்ன சாப்பிட்டது. கூச்சப்படாமல் ஒன்றிரண்டு படமும் எடுத்து வையுங்கள். ‘கொஞ்சம் லூசா போச்சு டாக்டர்’ என்று வாயால் சொல்வதைவிட, வழக்கமான நாளின் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது மருத்துவருக்கு எவ்வளவோ உதவும்.

படி 2: கெட்டித்தன்மையைப் பாருங்கள்

கால்நடை மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் காய்ந்து உதிரி உதிரியாக விழுவது. 7 என்றால் வெறும் தண்ணீர். நல்ல மலம் 2-லோ 3-லோ இருக்கும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுத்துப் பாருங்கள். உருவம் கலையாமல் வர வேண்டும், தரையில் அதிகம் ஒட்டக் கூடாது. எடுத்த இடத்தில் ஈரமாக அப்பிக்கொண்டால் 4. குவியலாக விழுந்து உருவமே இல்லாவிட்டால் 5, 6.

ஒருமுறை 4 வந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். நேற்று யாரோ கொடுத்த பிஸ்கட் காரணமாக இருக்கலாம். 5-க்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி.

படி 3: நிறமும் மேலே படிந்திருப்பதும்

மலத்தின் பழுப்பு நிறம் பித்தநீரிலிருந்து வருகிறது. பச்சையாக இருந்தால் பெரும்பாலும் புல் தின்றிருக்கும். வெளுத்துச் சுண்ணாம்பு போலப் பொடிந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது. சாம்பல் கலந்த வெளிறிய நிறம் தொடர்ந்து வந்தால் பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

கவனமாகப் பார்க்கவேண்டியவை இரண்டு நிறங்கள்: சிவப்பும் கறுப்பும். மலத்தின் மேல் சிவப்பாகக் கோடு போட்டது போல ரத்தம் இருந்தால், அது பெருங்குடலிலோ ஆசனவாய்ப் பக்கத்திலோ கசிகிறது. மலமே தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, ஒரு மாதிரி கெட்ட நாற்றம் அடித்தால் ரத்தம் மேலே, இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்து செரித்துக் கீழே வந்திருக்கிறது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தாலும் கறுப்பாகப் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் செம்பழுப்பாக ஊறினால் ரத்தமாக இருக்கலாம். ஊறாவிட்டாலும் கறுப்பு மலத்தை மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

நம் ஊரில் கறுப்பு மலத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று கொக்கிப்புழு. அது குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும், கடித்த இடமும் கசிந்துகொண்டே இருக்கும். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குத் தொற்றிவிடும் என்பதால், சில வாரக் குட்டிகூட ரத்தசோகையில் விழுந்துவிடுகிறது. உண்ணிக் காய்ச்சலிலும் கறுப்பு மலம் வரலாம். உடம்பில் உண்ணி இருந்து, மூக்கில் ரத்தமும் வந்தால் அதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலத்தில் வெள்ளையாக அரிசி மாதிரி எதாவது நெளிகிறதா? அது நாடாப்புழுவின் துண்டு. காய்ந்துபோனால் எள் மாதிரி வாலடி முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் தன்னைக் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் இந்தப் புழு உள்ளே போகிறது. அதனால் புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் திரும்ப வரத்தான் செய்யும்.

படி 4: சிக்கல் சிறுகுடலிலா, பெருங்குடலிலா?

இது தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளும் இதைச் சுற்றியே இருக்கும்.

ஒரு தடவைக்குக் குவியலாக நிறையப் போகிறது, ஆனால் நாளுக்கு மூன்று நாலு முறைதான். முக்குவதில்லை. வாந்தியும் இருக்கலாம். நாள்பட்டால் உடம்பு இளைக்கிறது. இதெல்லாம் சிறுகுடல் பக்கம். சத்தை உறிஞ்சுகிற இடம் அதுதான், அதனால்தான் நாய் மெலிகிறது.

பெருங்குடல் கதை வேறு. அடிக்கடி வாசலுக்கு ஓடும், குனிந்து முக்கும், வருவதோ ஒரு ஸ்பூன் அளவுதான். அதிலும் ஜெல்லி போலச் சளி, சில நேரம் சிவப்பு ரத்தம். ராத்திரி உங்களை எழுப்பும். பார்க்கப் பயமாக இருந்தாலும் நாய் வாலாட்டிக்கொண்டு, பசியோடு இருக்கும். இளைக்காது. வீடு மாறியது, புதிதாக ஒரு நாய் வந்தது, உங்களைப் பிரிந்து விடுதியில் இருந்தது போன்ற மன அழுத்தத்தால் வருவது பெரும்பாலும் இந்த வகை.

இதை மலச்சிக்கலோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ‘முக்குது, ஒண்ணும் வரல’ என்று விளக்கெண்ணெய் ஊற்றிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். குடல் வீங்கியிருப்பதாலும் நாய் முக்கும். ஆண் நாய் சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அதே மாதிரி முக்கும், அது அவசர நிலை. சிறுநீர் நன்றாகப் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். உண்மையாகவே இரண்டு நாளாக மலம் போகாமல் இருந்தால் எலும்பு, தண்ணீர்க் குறைவு, வயதான ஆண் நாயாக இருந்தால் வீங்கிய புராஸ்டேட் சுரப்பி என்று காரணங்கள் பல. அதற்கும் மருத்துவர்தான்.

ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் எண்ணெய்ப் பசையோடு வெளிறி, குவியலாகப் போய்க்கொண்டு, எவ்வளவு போட்டாலும் நாய் மெலிந்துகொண்டே வந்தால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோயாக இருக்கலாம். இந்த இனத்தில் அது அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உணவோடு நொதித் தூள் கலந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் நன்றாகத் தேறும்.

படி 5: கடந்த இரண்டு மூன்று நாளில் என்ன மாறியது?

வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இன்னும் நல்லது. நம் வீடுகளில் ஒருவர் மட்டும் சாப்பாடு போடுவதில்லை. தாத்தா பங்குக்குக் காலையில் காபியில் தோய்த்த பிஸ்கட், பிள்ளைகள் பங்குக்கு ஐஸ்கிரீம் மிச்சம், அம்மா பங்குக்குப் பால்சோறு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, பேதியாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கொழுப்பு கணையத்தையே வீங்க வைத்துவிடும். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு கூர்மையாகச் சிலும்பும், மாங்கொட்டையும் சோளக்கருதுத் தண்டும் குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

தீவனம் மாற்றினீர்களா? பழைய பாக்கெட் தீர்ந்ததும் மறுநாளே புதியதை வைத்தால் பல நாய்களுக்கு வயிறு கலங்கும். 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுவதும்.

கடைசியாகப் புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள், தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்பதையும் எழுதி வையுங்கள். குட்டிக்கு 2 வார வயதிலிருந்தே புழு நீக்கம் தொடங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது நல்ல வழக்கம். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

படி 6: மலத்தை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள்

மேல் உதட்டை மெல்லத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் ஓர் இடத்தில் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் வற்றுகிறது. வெளிறியிருந்தால் ரத்தம் போயிருக்கலாம். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் வயதான, ஒல்லியான நாய்களுக்குத் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும், எனவே ஈறுதான் நம்பகமானது. சிலவகை நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை இறக்கி உட்புற நிறத்தைப் பாருங்கள்.

படி 7: காத்திருக்கக் கூடாத நேரம்

6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால், தடுப்பூசி முழுமையாகப் போடாத நிலையில், பார்வோ என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். 1970-களின் கடைசியில் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. குட்டி சோர்ந்து படுக்கும், சாப்பாட்டை மோந்தும் பார்க்காது, பிறகு ரத்தம் கலந்து தாங்கமுடியாத நாற்றத்தோடு கழியும். காலையில் விளையாடிய குட்டி மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் போகும். சீக்கிரம் குளுக்கோஸ் ஏற்றிச் சிகிச்சை தொடங்கினால் பல குட்டிகள் பிழைக்கின்றன. ‘காலைல பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்ட ஒரு ராத்திரிதான் பல வீடுகளில் குட்டியைக் கொண்டுபோகிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு மனசு வலிக்கிறது, ஏனென்றால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடும் தடுப்பூசி இதைத் தடுத்துவிடும்.

பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சிறிய நாய்கள் திடீரென்று ஜாம் மாதிரி ரத்தமாகவே போனாலும் அதே அவசரம்தான், அவை சில மணி நேரத்திலேயே நீர் வற்றிப்போகும். தார் போன்ற மலம், வெளிறிய ஈறு, நிற்காத வாந்தி, விஷம் தின்ற சந்தேகம் எதற்கும் காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய நாய்களில் இது நிமிடக் கணக்கு.

படி 8: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய பேதி

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லை. அப்படியானால் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம்.

தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வேகவைத்த வெள்ளைச் சாதம் இரண்டு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். ஆறவைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை நாலாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். தயிர்சாதம் பழகிய நாய்க்குக் கொஞ்சம் தயிர் ஒத்துக்கொள்ளும், பழகாத நாய்க்குப் பேதியின்போது புதிதாகத் தொடங்காதீர்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மலம் கெட்டிப்பட்டபின் இரண்டு மூன்று நாள் எடுத்து மெல்ல வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள்.

பாராசிட்டமால், இபுப்ரொஃபென், பேதியை நிறுத்தும் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காகக் கொடுக்கும் பழக்கம் இங்கே அதிகம். சாதாரணப் பேதி பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகும், அளவு கூடினால் அந்த மருந்து நாயின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். 48 மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

படி 9: மாதிரி எடுத்துப் போவது

அன்று போன மலத்தில் மண் படாத பகுதியாக ஒரு டீஸ்பூன் அளவு, மூடியுள்ள சுத்தமான சிறு டப்பாவில் எடுங்கள். சில மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதமானால் பைக்குள் பையாகக் கட்டிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், வெயிலில் காரில் விட்டுவிடாதீர்கள். ஒரு பரிசோதனையில் புழு முட்டை தெரியவில்லை என்றால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை. முட்டைகள் தினமும் வெளியே வருவதில்லை, அதனால் மருத்துவர் இன்னொரு நாள் மாதிரி கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் விட்டுவிட்டுப் பேதியானால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அடுத்த கட்டம் தேவைப்படும். அங்கேதான் படி 1-ல் போனில் குறித்து வைத்த பட்டியல் கைகொடுக்கும்.

வாசலிலோ தோட்டத்திலோ போனதை அன்றன்றே எடுத்துவிடுங்கள். கொக்கிப்புழு முட்டைகள் ஈரமான மண்ணில் சில நாட்களிலேயே பொரிந்துவிடும், அந்த இளம்புழு வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் புகும். எடுத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.