அம்மாவின் கோல நோட்டும் அப்பளமான பக்கங்களும்

அம்மா போன பிறகு டைரி எழுத உட்கார்ந்தால், தேதியைத் தாண்டிப் பேனா நகராது. ஒருநாள் அவள் கோல நோட்டிலிருந்து கழன்ற தாள் ஒன்று கையில் கிடைத்தது: ‘15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை’. அதை டைரியில் ஒட்டி, பக்கத்தில் அவளுடைய சுங்குடிச் சேலைத் துண்டு ஒன்றையும் வைத்தேன். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

மறுநாள் பார்த்தால் தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீரை மெல்லிய தாள் குடித்து உப்பி, காயும்போது கோணலாக இழுத்துக்கொள்கிறது. போதாததற்கு, அம்மா எழுதியிருந்த மை கரைந்துவிட்டது. அதற்குத்தான் அழுதேன்.

அப்புறம் தடிமனான 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளுக்கு மாறினேன். முதலில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு ஒரு தடவை. அது நன்றாகக் காய்ந்ததும், பசையைப் பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்து ஒட்டுவேன். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் அரிசி டின். ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும்.

அசல் எதையும் இப்போது ஒட்டுவதில்லை. லேசர் நகல்தான், அதன் மை தண்ணீருக்குக் கரையாது. மருந்துக்கடை பில்லுக்கும் அதே வழி, வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும்.

கடைசி மாத்திரை பில் ஒட்டிய பக்கத்தில் மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை.