மினி டிராக்டர் கல்டிவேட்டருக்குப் பின்னால் ஒரு பரம்பு: நாமே செய்வது எப்படி?

18–20 எச்.பி. மினி டிராக்டரில் ஐந்து கொழு (மண்ணைக் கிளறும் இரும்பு நகம்) கல்டிவேட்டர் போட்டு உழுதால் மண் கிளறிவிடும், ஆனால் கட்டி கட்டியாகத்தான் கிடக்கும். அதை உடைக்க இன்னொரு தடவை ஓட்டினால் டீசல் செலவு ஒருபக்கம், கிளறிய மண்ணின் ஈரம் வெயிலில் போவது இன்னொரு பக்கம். உழுத கையோடு பரம்படிக்கும் (கட்டியை உடைத்து மண்ணைச் சமப்படுத்தும் பலகையை இழுக்கும்) வழக்கம் இந்த ஈரத்தைக் காக்கத்தான் வந்தது. மாட்டுக்குப் பின்னால் போன அந்தப் பரம்பையே இரும்பில் செய்து கல்டிவேட்டருக்குப் பின்னால் கட்டிவிட்டால், ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். வெல்டிங் தெரியாதவர்களும் செய்யலாம், எல்லாம் போல்ட் வேலைதான்.

தொடங்கும் முன் ஒன்று. கல்டிவேட்டரின் சட்டத்தில் ஓட்டை போடாதீர்கள், எதையும் பற்றவைக்காதீர்கள். கொழுக்கள் இழுக்கும் பாரம் முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் இறங்குகிறது. ஓட்டை போட்ட இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். நாம் செய்யும் பொருள் சட்டத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும், வேண்டாத நாளில் கழற்றி வைக்கவும் வர வேண்டும்.

வாங்க வேண்டியவை

- 100×50 மி.மீ. இரும்புச் சேனல் (‘ப’ வடிவச் சட்டம்), கல்டிவேட்டர் அகலத்துக்கு (பெரும்பாலும் 1.2 மீட்டர் போதும், எடை பதினொன்று, பன்னிரண்டு கிலோ வரும்)
- 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள பட்டை, நான்கு துண்டுகள் வெட்ட
- 25×5 மி.மீ. பட்டை கொஞ்சம்
- 12 மி.மீ. போல்ட் எட்டு (தலையில் 8.8 என்று பொறித்த பலமான ரகம்), நட்டு, வாஷர், ஸ்பிரிங் வாஷர்
- முழுக்க மரை போட்ட 6 மி.மீ. சாதா போல்ட் பத்து
- 8 மி.மீ. செயின் சுமார் இரண்டு மீட்டர், டி ஷாக்கிள் (செயினை மாட்டும், பின் போட்ட டி வடிவ வளையம்) ஆறு

கவ்வி

கல்டிவேட்டரின் பின் சட்டத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 50 மி.மீ. சதுரப் பைப் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, பைப்புக்கு முன்னால் இரண்டு போல்ட், பின்னால் இரண்டு. முன் ஓட்டைக்கும் பின் ஓட்டைக்கும் இடைவெளி எவ்வளவு? பைப் 50, போல்ட் 12, தளர்வாக நுழைய 3, ஆக 65 மி.மீ. இதைவிட அகலமாக விட்டால் பட்டை வளைந்து பிடி தளரும். மேல் பட்டை 105 மி.மீ. நீளம் போதும். கீழ்ப் பட்டையை 150 மி.மீ. வெட்டுங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஷாக்கிள் பின் நுழைய ஓர் ஓட்டை வேண்டும்.

ஓட்டை போடும் இடத்தில் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டிய பிறகே டிரில்லை வையுங்கள், இல்லையென்றால் பிட் வழுக்கி ஓடும். முதலில் 5 மி.மீ. பிட், அப்புறம் 13 மி.மீ. நடுநடுவே இரண்டு சொட்டு எண்ணெய். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடவே கூடாது.

இப்படி இரண்டு கவ்வி. சட்டத்தின் நடுவிலிருந்து இருபக்கமும் சம தூரத்தில், முடிந்தவரை ஓரமாக மாட்டுங்கள். தூரம் மாறினால் பரம்பு கோணலாகப் போகும்.

உடையவேண்டிய போல்ட்

இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். பரம்பு ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால் ஏதோ ஒன்று உடைந்தே தீரும். எது உடைய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிடலாம்.

25 மி.மீ. பட்டையில் ஒவ்வொரு கவ்விக்கும் ஏழு செ.மீ. துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் 6.5 மி.மீ. ஓட்டை, மறுமுனையில் ஷாக்கிள் ஓட்டை. சின்ன ஓட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஒரு 6 மி.மீ. சாதா போல்ட் போடுங்கள். இந்த இணைப்பின் ஒரு முனை கவ்வியில், மறுமுனை செயினில். இழுப்பு வரும் திசைக்கு இணைப்பு தானாகவே திரும்பிக்கொள்வதால் போல்ட் குறுக்கே வெட்டுப்பட்டு உடையும். ஏறக்குறைய அரை டன் இழுப்பில் அது போய்விடும். போல்ட் உடைந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்த 8.8 போல்ட்டை அங்கே போட்டுவிடாதீர்கள், அது இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். மிச்சமுள்ள சாதா போல்ட்டுகளை டூல் பாக்ஸிலேயே போட்டு வையுங்கள்.

சேனலைத் தொங்கவிடுவது

சேனலைத் தொட்டி மாதிரி, வாய் மேலே பார்க்க மல்லாத்தி வையுங்கள். 100 மி.மீ. அடிப்பாகம் மண்ணில் படிந்து போகும், 50 மி.மீ. முன்விளிம்பு கட்டியை உடைக்கும். நிமிர்த்தி வைத்தால் மண் சேரும்போது குப்புற விழும். முன்விளிம்பில் கவ்விகளுக்கு நேராக இரண்டு ஓட்டை போட்டு, ஷாக்கிளில் செயினை மாட்டுங்கள்.

கடைசி வரிசைக் கொழுவிலிருந்து பரம்பு 45 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஸ்பிரிங் கொழு கல்லில் பட்டால் பின்னால் எகிறும், அதற்கு இடம் வேண்டும். செயின் குட்டையானால் பரம்பு தூக்கிக்கொண்டு மேலோடு போகும், நீளமானால் நன்றாகப் படிந்து மண்ணை இழுக்கும். ஒவ்வொரு கண்ணியாக மாற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஓட்டும்போது

மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் அன்றைக்குப் பரம்பு வேண்டாம், களிமண் சேனலில் அப்பிக்கொள்ளும். முதல் உழவு வரிசையை லோ கியரில் மெதுவாக ஓட்டுங்கள். அரை மணி நேரத்தில் நிறுத்தி எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், புது வேலையில் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

எடை போதவில்லை என்றால் மண் நிரப்பிய சாக்கைச் சேனலில் வைத்துக் கட்டுங்கள். மாட்டுப் பரம்பில் ஆள் ஏறி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டிராக்டருக்குப் பின்னால் அது கூடவே கூடாது. குழந்தைகளை அருகில்கூட விடாதீர்கள்.

ரிவர்ஸ் எடுக்கும் முன் கல்டிவேட்டரைத் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் பரம்பு கொழுவுக்கு அடியில் போய் மாட்டும். செயினைச் சரிசெய்யும்போது கல்டிவேட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை வையுங்கள். ரோட்டில் போகும்போது சேனலைத் தூக்கிச் சட்டத்தோடு சேர்த்து மிச்சச் செயினால் கட்டிவிடுங்கள், ஆடாமல் வரும்.